பழைய எஸ்டேட் கருவி கையில கெடச்சா: அது என்னன்னு கண்டுபுடிச்சு மறுபடி வேலைக்கு கொண்டு வர முழு வழிகாட்டி

பேரு தெரியாத பழைய இரும்பு கருவி ஒண்ணு கெடச்சதும் நம்மாளுங்க மொத வேலையா கிரைண்டரை எடுத்து பளபளன்னு தேச்சுடுறாங்க, தயவு செஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க. அந்த கருவி என்ன வேலைக்கு இருந்துச்சு, யாரு செஞ்சது, எந்த பக்கம் புடிச்சாங்க, எல்லாமே அந்த துருவுலயும் தேய்மானத்துலயும் தான் இருக்கு. அதை தேச்சு எடுத்துட்டா அப்புறம் வெறும் இரும்பு தான், கிலோ கணக்குல போடலாம், அவ்ளோதான்.

நான் இருக்கறது மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட். அந்த காலத்துல இங்க சுத்தி ரப்பர் எஸ்டேட், தெக்கால போனா கிந்தா பள்ளத்தாக்கு ஈயச் சுரங்கம், நடுவுல ரயில் தண்டவாளம், டவுனுல சீன தச்சருங்க, லயத்துல (எஸ்டேட் தொழிலாளிங்க வரிசை வீடு) நம்ம ஆசாரிங்க, பக்கத்து கம்பத்துல (மலாய் கிராமம்) மலாய்க்காரங்க. அதனால ஒரே இரும்புக் கடை குவியல்ல நாலஞ்சு வேற வேற தொழிலோட கருவி ஒண்ணா கெடக்கும். 1950கள் கடைசில இருந்து வெள்ளைக்காரன் எஸ்டேட்டை துண்டு துண்டா வித்துட்டு போனான், அதை தடுக்கத்தான் இந்த ஊரு அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சாரு. அப்பறம் ரப்பர் போயி செம்பனை (பாமாயில் மரம்) வந்துச்சு, ரப்பர் ஷீட்டுக்கு புகை போடற ஸ்மோக் ஹவுஸ் மூடினாங்க, லயம் காலியாச்சு, ஸ்டோர்ல இருந்த சாமான் எல்லாம் லோரில ஏறி இரும்புக் கடைக்கு வந்துருச்சு. இன்னும் வந்துகிட்டு தான் இருக்கு, அதான் இதை எழுதறேன்.

மொதல் படி: தொடைக்காம பாருங்க

காஞ்ச பெயின்ட் பிரஷ்ஷால மண்ணை மட்டும் தட்டி விடுங்க. ராத்திரில ரூம் லைட்டை அணைச்சுட்டு டார்ச்சை பக்கவாட்டுல, இரும்போட ஒட்டுன மாதிரி சாய்ச்சு அடிங்க. நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது, சாய்ச்சு அடிச்சா தான் தேஞ்சு போன எழுத்தோட நிழல் விழும். அப்பயும் புரியலன்னா மெல்லிசு தாளை மேல வச்சு பென்சிலை படுக்க வச்சு தேய்ங்க, எழுத்து தாள்ல ஏறி வரும். தேய்க்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் போட்டோ எடுத்து வச்சுக்குங்க.

என்ன எழுத்து தேடணும்? மொதல்ல "காஸ்ட் ஸ்டீல்"னு அடிச்சிருக்கான்னு பாருங்க. பேரை பாத்துட்டு வார்ப்பு இரும்புன்னு தூக்கி போட்டுடாதீங்க, அது மூசையில (உலோகம் உருக்கற மண் பாத்திரம்) உருக்குன உயர்ந்த எஃகு, 1740கள்ல இங்கிலாந்து ஷெபீல்டு பக்கம் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மேன் கண்டுபுடிச்ச முறை. அந்த முத்திரை இருந்தா பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு, இல்லன்னா 20ஆம் நூற்றாண்டோட ஆரம்பம். அப்பறம் கோழிக்கால் மாதிரி மூணு கோடு ஒரு புள்ளில சேர்ற அம்புக் குறி, அது பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்துக்கு போட்ட முத்திரை, பக்கத்துல வருஷமும் அடிச்சிருந்தா உங்க வேலை பாதி முடிஞ்சிருச்சு.

அமெரிக்க சாமான்ல பேட்டன்ட் தேதி இருக்கும். ஸ்டான்லி இழைப்புளியோட பிளேடை கழட்டுனா உள்ள 1902ல ரெண்டு தேதி, 1910ல ஒரு தேதின்னு மூணு இருந்தா அது 1910க்கு முன்னாடி செஞ்சதா இருக்கவே முடியாது. கடைசி தேதியை தான் கணக்குல எடுக்கணும், மொத தேதியை இல்ல. ரெக்கார்ட் கம்பெனி இழைப்புளி செய்ய ஆரம்பிச்சதே 1931ல தான், அதனால "எங்க தாத்தா 1920ல வாங்குன ரெக்கார்ட்"னு யாராச்சும் வித்தா நம்பாதீங்க.

மர இழைப்புளியா இருந்தா மூக்கு பக்கம், அதாவது முன் நெத்தில பாருங்க, செஞ்சவன் பேரு அங்க இருக்கும். மத்த எடத்துல இருக்கற பேரு எல்லாம் அதை வச்சிருந்த ஆளுங்க அடிச்சது, ஒரே இழைப்புளில மூணு நாலு பேரு இருக்கும், அதையும் எழுதி வச்சுக்குங்க.

ரெண்டாவது படி: கூர் எங்க, கை எங்க, அடி எங்க

இது தான் முக்கியமான படி, முத்திரை இல்லாத கருவிக்கு (நம்ம பட்டறைல அடிச்சது எதுலயும் முத்திரை இருக்காது) இது ஒண்ணு தான் வழி.

கூர் ஒரு பக்கம் மட்டும் சாய்ச்சு தீட்டியிருந்தா அது சீவற கருவி, ரெண்டு பக்கமும் சமமா தீட்டியிருந்தா வெட்டற இல்ல பொளக்கற கருவி. பெரும்பாலும் இந்த கணக்கு தப்பாது. கூர் தள்ளற தெசைல இருக்கா இழுக்கற தெசைல இருக்கான்னு பாருங்க. அப்பறம் கைப்புடி, மரம் எங்க கறுத்து வழவழன்னு இருக்கோ அங்க தான் கை இருந்துச்சு. புடிக்கு கீழ இரும்புலயும் வழவழப்பு இருந்தா ரெண்டாவது கை அங்க இருந்துச்சுன்னு அர்த்தம், அப்ப அது ரெண்டு கை கருவி. மண்டை நசுங்கி ஓரம் விரிஞ்சிருந்தா சுத்தியால அடிச்சு ஓட்டுனது, மண்டை சுத்தமா இருந்தா வெறும் கை பலத்துல ஓட்டுனது. தேய்மானம் ஒரு பக்கம் மட்டும் அதிகமா இருந்தா அந்த பக்கம் தான் வேலை பாத்திருக்கு, ஒரு ஓரம் மட்டும் புதுசு போல இருந்தா அது சும்மா தாங்கிகிட்டு நின்ன ஓரம்.

இந்த நாலையும் ஒரு தாள்ல எழுதுனாலே முக்காவாசி கருவி எந்த தொழில்னு தெரிஞ்சிரும். பேரு தெரியலன்னாலும் பரவால்ல, வேலை தெரிஞ்சா போதும், பேரு பின்னால வரும்.

அரம் வச்சு இன்னொரு சோதனை இருக்கு. பழைய சின்ன அரத்தை கூர்ல லேசா வச்சு தள்ளுங்க, வழுக்கிகிட்டு போனா எஃகு நல்லா கடினம், கடிச்சா மெதுவான இரும்பு. கூர்ல வழுக்கி, ஒரு ரெண்டு இன்ச் தள்ளி கடிச்சா அது மெது இரும்பு மேல எஃகு துண்டை வச்சு பட்டறைல ஒட்டுனது. இது தெரியறது முக்கியம், ஏன்னா எஃகு தேஞ்சு முடிஞ்ச கருவியை எவ்ளோ தீட்டுனாலும் கூர் நிக்காது, அதை வீட்டுல மாட்டி வைக்கலாம், வேலைக்கு ஆகாது.

மூணாவது படி: நம்ம பக்கம் அடிக்கடி மாட்டற கருவிங்க

ரப்பர் பால் வெட்டு கத்தில இருந்தே ஆரம்பிக்கறேன். சாதாரணமா கெடைக்கறது ஜெபோங் கத்தி, நுனி மடிஞ்சு வி எழுத்து போல நிக்கும், அந்த மடிப்புல கூர், நம்ம பக்கமா இழுத்து வெட்டறது. அதோட கூடவே நேரா, பாதி வட்டமா குழிஞ்ச உளி ஒண்ணு வரும், அது தள்ளி வெட்டறது, கீழ் பட்டை எல்லாம் தீந்த கெழட்டு மரத்துல ஒசரத்துல கீழ இருந்து மேல வெட்டறதுக்கு. இந்த ரெண்டையும் தச்சு உளின்னு நெனச்சு சுத்தியால அடிச்சு ஒடச்சவங்க நெறைய பேரு. மண்டைய பாருங்க, அடி விழுந்த தடமே இருக்காது.

ரொம்ப அபூர்வமா புடி வச்ச ஒரு சின்ன சக்கரம், சுத்தி முள்ளு முள்ளா இருக்கும். 1900களோட தொடக்கத்துல பட்டையை சீவுறதுக்கு பதிலா குத்தி பால் எடுத்து பாத்தாங்க, அதுக்கான கருவி அது. குத்துன எடத்துல மரம் முண்டு கட்டுச்சு, சிங்கப்பூர் பொட்டானிக் கார்டனுக்கு தலைவரா இருந்த ரிட்லி அங்க சோதிச்சு காட்டுன சீவுற முறை தான் நெலச்சுது. 1877ல வந்த ரப்பர் கன்னுங்கள்ல வளந்த ஒரு மரம் இன்னிக்கும் பக்கத்துல கோல கங்சார்ல நிக்குது, போய் பாருங்க. முள்ளுச் சக்கரம் கெடச்சா விக்காதீங்க, ஊருக்கு ஒண்ணு கூட மிஞ்சியிருக்காது.

ஜெபோங்கை மறுபடி ஓட்டணும்னா பின்கட்டுல நிக்கற ரப்பர் மரத்துல விடியறதுக்கு முன்னாடி ஓட்டுங்க, அந்த நேரம் தான் பட்டைக்குள்ள அழுத்தம் அதிகம், பால் நல்லா ஓடும். மரம் சுத்தளவு 50 சென்டிமீட்டராச்சும் இருக்கணும். வெட்டு இடது பக்கம் மேல ஆரம்பிச்சு வலது பக்கம் கீழ எறங்கணும், ஒட்டு மரத்துக்கு ஏறக்குறைய 30 டிகிரி சாய்வு. ஏன் இந்த தெசைன்னா பால் குழாய் எல்லாம் பட்டைக்குள்ள நேரா நிக்காம வலது பக்கமா கொஞ்சம் சாஞ்சு மேல ஏறுது, எதிர் சாய்வுல வெட்டுனா தான் நெறைய குழாய் அறுபடும். ஒரு தடவைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போதும். ஆழம் தான் கைத்தெறமை, பட்டைக்கு உள்ள இருக்கற கட்டையை தொடாம ஒரு மில்லிமீட்டர் சொச்சம் பட்டையை விட்டுடணும், அதை தாண்டி வெட்டுனா மரம் காயப்பட்டு புதுப் பட்டை மேடும் பள்ளமுமா வரும், அடுத்த தடவை அங்க கத்தியே ஓடாது. நம்ம பாட்டிங்க தலைல லைட்டை கட்டிகிட்டு அந்த இருட்டுல அந்த ஒரு மில்லிமீட்டரை வெறும் கை உணர்ச்சில விட்டு வெட்டுனாங்க, அதை நெனச்சு தான் நான் அந்த கத்தியை எடுக்கறேன்.

பால் ஸ்டோர் சாமான்ல கண்ணாடிலயோ உலோகத்துலயோ அடி குண்டா மேல குச்சியா அளவு போட்ட மிதப்பு ஒண்ணு கெடச்சா அது மெட்ரோலாக். பால்ல எவ்ளோ ரப்பர் இருக்குன்னு அளக்கறது, பாலை தண்ணி கலந்து நீத்து பாத்திரத்துல மெதக்க விட்டு அளவு பாத்து, நீத்த கணக்குக்கு பெருக்குவாங்க. கூலியே இந்த குச்சியை நம்பி தான் இருந்துச்சு. கண்ணாடின்னா பஞ்சுல சுத்தி வைங்க.

அடுத்தது வாள் குடும்பம். ஷீட் புகை போட விறகு வேணும், அதனால ஸ்மோக் ஹவுஸ் இருந்த எல்லா எஸ்டேட்லயும் ரெண்டாளு இழுக்கற பெரிய வாள் இருந்துச்சு, அதோட வந்த குட்டி சாமானுங்க தான் இப்ப யாருக்கும் புரியாம கெடக்கு. கட்டிங் பிளேயர் போல இருக்கும், ஆனா வாய்க்குள்ள ஒரு முள்ளும் எதுத்தாப்புல நம்பர் போட்ட சின்ன சக்கரமும் இருக்கும், அது சாதாரண கைவாளுக்கு பல்லு சாய்க்கற கருவி, எக்லிப்ஸ் 77 தான் நம்ம பக்கம் அதிகம். சக்கரத்துல இருக்கற நம்பர் ஒரு இன்ச்சுக்கு எத்தனை பல்லுன்னு. வாள்ல பல்லை எண்ணிட்டு அந்த நம்பரை முள்ளுக்கு நேரா திருப்பி, ஒண்ணு விட்டு ஒரு பல்லை சாய்ச்சுகிட்டே போங்க, அப்பறம் வாளை திருப்பி மிச்சத்தை. ஏற்கெனவே எந்த பக்கம் சாஞ்சிருக்கோ அதே பக்கம் தான், எதிர் பக்கம் மடக்குனா பல்லு ஒடியும். பல்லோட மேல் பாதியை மட்டும் தான் சாய்க்கணும், அடில இருந்து மடக்குனா தகடே கீறும். பச்சை மரத்துக்கு சாய்வு கொஞ்சம் அதிகம் வேணும், காஞ்ச மரத்துக்கு கம்மி.

அதே குவியல்ல நாலு கால் வச்ச உள்ளங்கை அளவு இரும்புத் துண்டு இருந்தா கீழ போட்றாதீங்க. ஒரு கால் மட்டும் நூல் அளவு குட்டையா இருக்கும். அந்த குட்டைக் காலை பல்லு நுனில வச்சு மத்த காலை தகட்டுல வச்சா, ஆடாம நின்னா சாய்வு சரி, ஆடுனா பல்லு அதிகமா சாஞ்சிருக்கு. பெரிய வாள்ல வெட்டற பல்லுக்கு நடுநடுல ரெட்டை நுனி பல்லு ஒண்ணு வரும், அது தூளை வாரி வெளிய தள்றதுக்கு, அது மத்த பல்லை விட கடுகளவு குட்டையா இருக்கணும். எல்லாத்தையும் ஒரே மட்டமா ராவுனீங்கன்னா வாள் இழுக்க இழுக்க திணறும்.

சீனத் தச்சர் சாமான்ல எனக்கு ரொம்ப புடிச்சது மைப்பெட்டி. மரத்துல செதுக்குன சின்ன படகு வடிவம், ஒரு முனைல குழி, இன்னொரு முனைல நூல் சுத்துன சக்கரம், நூல் நுனில ஒரு ஊசி. பொம்மைன்னு நெனச்சு புள்ளைங்களுக்கு குடுத்துடுவாங்க. குழில பஞ்சு வச்சு கறுப்பு மையை ஊத்துங்க, ஊசியை பலகை ஓரத்துல குத்தி பெட்டியை பின்னால இழுத்தா நூல் மைல நனஞ்சு வரும், இறுக்கி புடிச்சு நடுவுல நேரா மேல தூக்கி விட்டா பத்தடிக்கும் ஒரே கோடு விழும். பக்கவாட்டுல இழுத்து விட்டா கோடு வளையும், நேர் மேல தான் தூக்கணும். நூல் இத்து போயிருந்தா புதுசு மாத்துங்க, பெட்டில கை வைக்காதீங்க.

இழைப்புளில குறுக்க ஒரு குச்சி ஓட்டி ரெண்டு பக்கமும் நீட்டிகிட்டு இருந்தா சீனது, ரெண்டு கையால தள்ளறது. புடியே இல்லாம பட்டையா இருந்தா ஜப்பான்காரனது, இழுக்கறது. தெசை மாத்தி ஓட்டிட்டு "இது வேலைக்கு ஆகாது"ன்னு சொல்றவங்க தான் அதிகம்.

மலாய் கம்பத்துல இருந்து வர்ற பெலியோங் பிரம்பு சுத்துன ஒல்லி புடில இருக்கும், அதோட தலையை திருப்பி கட்டுனா கோடாலி, மறுபடி திருப்புனா மரத்தை செதுக்கற வாச்சி. நம்ம ஆசாரியோட வாச்சி புடி குட்டை, குந்திகிட்டு தன் பக்கமா கொத்தறது. இது ரெண்டும் கால் பக்கம் வர்ற கருவி, பழகாதவங்க மொதல்ல மெத்து மரத்துல, காலை நல்லா அகட்டி வச்சு ஆரம்பிங்க.

கை பிரேஸ் (கையால சுத்தி துளை போடறது) துளை அலகுல 8ன்னு இருந்தா அது 8 இன்ச்சோ மில்லிமீட்டரோ இல்ல, பதினாறுல எட்டு, அதாவது அரை இன்ச். நுனில இருக்கற குட்டி திருகு முழுசா இருக்கான்னு பாத்து தான் காசு குடுக்கணும், அது தான் அலகை மரத்துக்குள்ள இழுத்துகிட்டு போறது. ஓரத்துல நிக்கற மூக்கை உள் பக்கம் மட்டும் ராவுங்க, வெளிப் பக்கம் அரம் பட்டா துளை சின்னதாகி அலகு மாட்டிக்கும்.

ரெண்டு முனைலயும் முளை வச்ச நீளக் கம்பி, முளைக்கு முளை சரியா ஒரு மீட்டர் இருந்தா அது தண்டவாள அளவுகோல், நம்ம ரயிலுக்கு ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ஒரு மீட்டர். சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் வரிசையா ஓட்டை போட்ட எஃகுத் தகடு, ஓட்டை ஒரு பக்கம் அகலமா மறு பக்கம் குறுகலா இருந்தா நகை ஆசாரி கம்பி இழுக்கறது, கம்பியை சுட்டு மெதுவாக்கி மெழுகு தடவி அகலமான பக்கம் நுழைச்சு இழுக்கணும்.

நாலாவது படி: பெரியவங்க கையில குடுங்க

எவ்ளோ தேடியும் புரியலன்னா எஸ்டேட்ல வேலை பாத்த தாத்தா பாட்டி யாராச்சும் கையில குடுங்க. "இது என்ன தாத்தா"ன்னு ஒடனே கேக்காதீங்க, சும்மா குடுத்துட்டு கையை பாருங்க. பேரு மறந்திருக்கும், ஆனா கை தானா சரியான எடத்துல போயி புடிக்கும், சரியான தெசைல ஆட்டும். அதை அவங்க அனுமதியோட போன்ல வீடியோ எடுத்துக்குங்க, எந்த எஸ்டேட், எந்த வேலைன்னு கேட்டு எழுதிக்குங்க. கங்காணி (மேஸ்திரி), கிராணி (எஸ்டேட் கணக்கர்) காலத்து கதை எல்லாம் சேந்து வரும், ஒக்காந்து கேளுங்க, அவசரப்படாதீங்க.

அஞ்சாவது படி: இப்ப துருவை எடுக்கலாம்

லேசான துருன்னா எண்ணெயும் மெல்லிசு ஸ்டீல் வூலும் போதும். கறுப்பா ஒட்டிகிட்டு வழவழன்னு இருக்கறது துரு இல்ல, அது வயசு, இரும்பை காக்கறதே அது தான், விட்டுடுங்க.

நடுத்தர துருக்கு வெள்ளை வினிகர்ல ஒரு ராத்திரி, நடுநடுல எடுத்து பாத்துக்குங்க, அதிகமா ஊறுனா இரும்பையே அரிச்சிரும். எடுத்ததும் சோடா உப்பு கலந்த தண்ணில முக்கி, ஒடனே தொடச்சு சூட்டுல காய வச்சு எண்ணெய் போடணும். வீட்டுல ரப்பர் பால் உறைய வைக்கற பார்மிக் ஆசிட் இருக்கேன்னு அதை எடுக்காதீங்க, தோலை பொசுக்கும், ஆவி கண்ணை கெடுக்கும், இதுக்கு அது வேணவே வேணாம்.

ரொம்ப மோசமா இருந்தா கரண்ட் முறை. பிளாஸ்டிக் வாளில தண்ணி, நாலு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா, பழைய வகை கார் பேட்டரி சார்ஜர். கருவிக்கு நெகட்டிவ், சும்மா கெடக்கற இரும்புத் துண்டுக்கு பாசிட்டிவ், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடக்கூடாது. மாத்தி கொடுத்தீங்கன்னா உங்க கருவி தான் கரையும். பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடவே கூடாது, தண்ணில நச்சு குரோமியம் எறங்கும். ஹைட்ரஜன் வரும், அதனால வெளிய காத்தோட்டத்துல வைங்க, பக்கத்துல நெருப்பு கூடாது, கையை உள்ள விடறதுக்கு முன்னாடி சுவிட்சை அணைங்க. மரப்புடி, பித்தளை, அலுமினியம் இருந்தா கழட்டிட்டு தான் போடணும்.

ஆறாவது படி: கூர் போடறதும் புடி போடறதும்

கிரைண்டர்ல வைக்கறீங்கன்னா விரலை கூருக்கு பக்கத்துல வச்சுக்குங்க, சூடு தாங்கலன்னா ஒடனே தண்ணில முக்குங்க. கூர் நீலமா மாறிச்சுன்னா அந்த எடத்துல எஃகோட பதம் போயிருச்சு, அந்த நீலம் முழுசும் தேஞ்சு போற வரைக்கும் கூர் நிக்காது. நான் தீட்டுக்கல்லை தான் சொல்லுவேன், நேரம் ஆகும், ஆனா எஃகு மிஞ்சும். பழைய சாய்வு என்ன இருக்கோ அதையே புடிங்க, தச்சு உளின்னா 25ல இருந்து 30 டிகிரிக்குள்ள இருக்கும். குழி உளிக்கும் ஜெபோங்குக்கும் தட்டைக் கல் உள்ள போகாது, ஓரம் உருண்ட சின்ன கல் வேணும், கெடைக்கலன்னா உருண்டைக் குச்சில மெல்லிசு சேண்ட் பேப்பர் சுத்திக்கலாம்.

அடி வாங்கி மண்டை விரிஞ்ச உளி, ஆப்பு எதையும் அப்படியே அடிக்காதீங்க, அந்த விரிஞ்ச ஓரம் தெறிச்சு கண்ணுல பாயும். ஓரத்தை ராவி எடுத்துட்டு கண்ணாடி போட்டுகிட்டு தான் அடிக்கணும்.

புடி பழசு தாங்குச்சுன்னா மாத்தாதீங்க, லின்ஸீட் ஆயில் தடவி தடவி காய வைங்க. ஆயில் தொடச்ச துணியை கசக்கி மூலைல போடாதீங்க, தானா தீப்புடிக்கும், விரிச்சு வெளிய காயப்போடுங்க. புதுசு போடணும்னா கொய்யா மரம் அருமை, நாரு நெருக்கம், அடி தாங்கும். ரப்பர் கட்டை பக்கத்துலயே கெடைக்குதுன்னு போட்டா மருந்து ஏத்தாத மரத்தை பூச்சி சீக்கிரம் தின்னுடும்.

வேலை முடிஞ்சதும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு பூச்சு. தோல் உறைல மட்டும் வைக்காதீங்க, நம்ம ஊரு ஈரத்தை தோல் புடிச்சு வச்சுகிட்டு இரும்புக்கு ஊட்டும், பழைய காட்டன் துணில எண்ணெய் நனச்சு சுத்துங்க. சிமெண்ட் தரைல படாம பலகை மேல வைங்க. புடில ஒரு சின்ன அட்டை கட்டி கருவி என்ன, எந்த எஸ்டேட், யாரு சொன்னதுன்னு எழுதி, மழை காலத்துல மாசம் ஒரு தடவையாச்சும் பிரிச்சு பாத்து எண்ணெய் தடவிக்குங்க.